அருந்ததி மிஸ்ஸும் சாப்பிட மறுத்த இறால்களும்

பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர் அருந்ததி. யாருக்கு உப்பில்லாத சோறு, யாருக்குப் புரதம் கூட்டிய கஞ்சி, யாருக்குக் குழாய் வழியாக ஆகாரம் என்று தீர்மானிக்கிற வேலை. சாப்பிட மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் நோயாளிகளைச் சாப்பிட வைப்பதில் அவருக்குத் தனிப்பெயர் இருந்தது. தாதிமார் கெஞ்சியும் அதட்டியும் களைத்த பிறகு, "அருந்ததி மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். அவர் வந்து கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார். எந்த ஊர், வீட்டில் யார் சமைக்கிறது, பாற்சோறுக்கு என்ன அரிசி போடுவீர்கள் என்று தமிழிலோ சிங்களத்திலோ கதை கொடுப்பார். கதை முடிவதற்குள் கோப்பை பாதி காலியாகியிருக்கும்.

அவர் தோற்றது ஒரேயொரு ஆளிடம். அது சொந்த மகன் தேனுஜன். சின்ன வயதில் பிட்டைக் கண்டாலே அவனுக்கு ஓங்காளம் வரும். கறியில் கிடக்கும் மரக்கறியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பையின் ஓரத்தில் வேலிபோல அடுக்குவான். ஊருக்கெல்லாம் சாப்பாடு தீத்தி விட்டு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால், இவன் ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பான். அருந்ததிக்கு அழுகை வரும். பிறகு கோபம் வரும். அவன் எப்படியோ வளர்ந்து, பொறியியலாளராகி, நுகேகொடையில் அறை எடுத்துத் தனியாக இருக்கத் தொடங்கினான்.

அருந்ததி ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், அந்தத் தேனுஜன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடித் தொட்டியோடு படியேறி வந்தான். தொட்டிக்குள்ளே கொஞ்சம் பாசி, ஒரு மரக்கட்டை, சின்னி விரலின் பாதி நீளத்தில் சிவப்புச் சிவப்பாக ஏதோ.

"திருகோணமலைக்கு மாத்திப் போட்டாங்கள் அம்மா. ஒரு ஆறு மாசம்தான். இதுகளை அங்க கொண்டுபோகேலாது."

"என்னடா இது? றாலா?"

"ஓம். செர்ரி றால். அழகுக்கு வளர்க்கிறது."

தகப்பன் பாலசுந்தரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு வந்ததிலிருந்து மனைவியின் கட்டுப்பாட்டில் சாப்பிடுகிறவர். "எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு சொதிக்குக் காணாது" என்றார்.

தேனுஜன் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் போத்தலைத் தாயிடம் கொடுத்தான். உள்ளே கடுகளவு பச்சை உருண்டைகள். "இதுதான் சாப்பாடு. கொஞ்சம் போட்டாக் காணும். கனக்கப் போடாதேங்கோ. சில நேரம் சாப்பிடாதுகள், அதுக்காகப் பயப்பிட வேண்டாம். உதுகளுக்குச் சாப்பாட்டில கொஞ்சம் பிகு கூட."

"பிகுவோ?" என்றார் அருந்ததி. "உன்னை வளர்த்தனான். இந்த றாலை வளர்க்கமாட்டனே?"

அன்று பின்னேரமே முதல் சாப்பாடு போட்டார். உருண்டை மெதுவாக இறங்கி மணலில் உட்கார்ந்தது. ஒரு இறால் வந்தது. மீசையால் தொட்டுப் பார்த்தது. பிறகு, கல்யாண வீட்டில் தெரியாத ஆளைக் கண்டதுபோல ஒதுங்கிப் போய்விட்டது. இன்னொன்று அதற்கு மேலேயே ஏறி நடந்து போனது. இரவுச் சாப்பாட்டு நேரம் வரை ஒன்றும் வாய் வைக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஊறிப்போன உருண்டைகளைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுப்பதே அருந்ததிக்கு ஒரு வேலையாகிவிட்டது.

உணவுப் பிரிவுக்காரி அவருக்குள் எழும்பி உட்கார்ந்தார். இந்தப் பிராணிகளுக்குப் புரதம் எவ்வளவு வேண்டும், சுண்ணாம்புச்சத்து எதிலிருந்து வரும் என்று தொலைபேசியில் தேடித்தேடி வாசித்தார். கரட்டை மெல்லிய வட்டமாக வெட்டி அவித்துப் போட்டார். பூசணி போட்டார். வெள்ளரிக்காயைத் தோல் சீவிப் போட்டார். ஓட்டுக்குச் சத்தென்று மீன் சந்தையில் கணவாய் ஓடு வாங்கி, கழுவிக் காயவைத்து, சின்னத் துண்டாக உடைத்துப் போட்டார். பூசணி இரண்டாம் நாள் கரைந்து தண்ணீரை மஞ்சளாக்கியது. இறால்கள் அதைச் சுற்றிப் போயின.

"பசி எண்டு ஒண்டு உதுகளுக்கு இருக்கோ இல்லையோ?" என்று பாலசுந்தரத்திடம் கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்" என்று பேப்பரைப் புரட்டினார் அவர்.

கொட்டாஞ்சேனையில் நபீஸ் என்பவர் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தார். தேனுஜன் இறால்களை வாங்கியது அங்கேதான். அருந்ததி இரண்டு பஸ் மாறி அங்கே போனார். நபீஸ் மரியாதையான மனிதர். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் அனுதாபத்தோடு தலையாட்டி, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"இதப் போடுங்க அன்ரி. ஜப்பான் சாமான். போட்டா ஓடி வரும்."

ஓடி வரவில்லை. அடுத்த கிழமை திரும்பப் போனார்.

"அப்பிடியா? அப்ப இது. தாய்லாந்துலேர்ந்து வந்தீக்கி. இதத் திங்காத எறாலு இல்ல."

அதையும் தின்னாத இறால் வெள்ளவத்தையில் இருந்தது. மூன்றாம் முறை நபீஸ் இன்னொரு டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தியபோது அருந்ததி சொன்னார்: "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட கடையில இருக்கிற றாலுகள் உதைத் தின்னுதோ?"

நபீஸ் உயர்த்திய கையை இறக்கினார். "எங்கட கடையில அதுகளுக்கு நாங்க பெரிசா ஒண்டும் போடுறல்ல அன்ரி. யாவாரத்துக்குத்தானே, வந்த ஒடனே போயிரும்."

அருந்ததி டப்பா வாங்காமல் பஸ் ஏறினார்.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு காலையில் பார்த்தால் மணலில் வெள்ளையாக ஓர் இறால் செத்துக் கிடந்தது. கண்ணாடிபோல, உள்ளே ஒன்றுமில்லாமல். பட்டினியில் வற்றிச் செத்துவிட்டது என்றே நினைத்தார். உடனே திருகோணமலைக்கு அழைத்தார்.

"அம்மா, அது சாகேல்லை. சட்டை கழட்டியிருக்கு. வளரேக்க பழைய ஓட்டைக் கழட்டும். எடுத்து எறிஞ்சு போடாதேங்கோ. சத்துக்காக அதுகளே அதைத் தின்னும்."

அருந்ததி திரும்பிப் பார்த்தார். உண்மைதான். இரண்டு இறால்கள் அந்த வெற்றுச் சட்டையைச் சுற்றி நின்று பிய்த்துக்கொண்டிருந்தன.

"நான் அவிச்ச கரட்டைத் தின்னமாட்டினம்" என்றார் தொலைபேசியில். "ஜப்பான் சாப்பாடு தின்னமாட்டினம். கழட்டிப் போட்ட ஊத்தை உடுப்பைத் தின்னுவினம். நல்ல வளர்ப்புத்தான் வளர்த்திருக்கிறாய்!"

பாலசுந்தரம் காலை நடைக்கு மெரைன் டிரைவ் போகிறவர். ஒருநாள் அங்கே கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் விழுந்து கிடந்த பழுப்புச் சருகு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். யாரோ சொன்னார்களாம், இறாலுக்கு நல்லதென்று. அருந்ததி அதை மூன்று தண்ணீரில் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, நம்பிக்கையில்லாமல் தொட்டிக்குள் விட்டார். ஒரு கிழமையில் இலை அழுகி, வழுவழுத்து, நரம்பு மட்டும் தெரியத் தொடங்கியது. அதில் இறால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. சின்னக் கைகள் ஓயாமல் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தன.

"பாத்தியா?" என்றார் பாலசுந்தரம், தானே சமைத்துப் பரிமாறியவர்போல.

அருந்ததிக்கு அவமானமாக இருந்தது. ரோட்டில் கிடந்த குப்பையிடம் தோற்றுவிட்டோமே! பச்சை இலையைக் காட்டுகிறேன் பார் என்று மறுநாள் மார்க்கெட்டில் நல்ல தளதளப்பான பசளிக்கீரை வாங்கி, பாதியை வீட்டுச் சமையலுக்கு வைத்துவிட்டு, ஓர் இலையை அவித்துப் போட்டார். அன்றுதான் அதிசயம் நடந்தது. இறால்கள் வந்தன. ஒன்றல்ல, கூட்டமாக வந்தன. அருந்ததி கதிரையை இழுத்துப்போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்து, பசளி ஓரம் ஓரமாகக் குறைவதைப் பார்த்தார். வீடியோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். இரவு நிம்மதியாகப் படுத்தார்.

காலையில் சில இறால்கள் பக்கவாட்டில் கிடந்தன. இது சட்டை இல்லை. செம்மை மாறி வெளிறிய உடம்புகள். உயிரோடிருந்தவை மூலையில் ஒடுங்கி நின்றன. தேனுஜனின் குரல் தொலைபேசியில் தாழ்ந்து போயிருந்தது. "கடைக் கீரையோ அம்மா? அதுக்குப் பூச்சிமருந்து அடிச்சிருப்பாங்கள். இதுகளுக்குத் துளி மருந்தும் தாங்காது."

"நான் நல்லாக் கழுவித்தான் போட்டனான்."

"கழுவினாலும் போகாது."

பின்னால் நின்ற பாலசுந்தரம் மெல்லக் கேட்டார்: "அந்தப் பசளியைத்தானே ராத்திரி நாங்களும் சாப்பிட்டனாங்கள்?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ!"

செத்தவற்றை ஒரு பேப்பரில் சுற்றி, பல்கனியில் இருந்த துளசிச் சாடிக்குள் புதைத்தார் அருந்ததி. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சாப்பாட்டைக் காத்தவர். சாப்பிட வைத்தே கொன்றுவிட்டோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பின்னேரம், தனக்குத்தானே சொல்வதுபோல, "ஏன்தான் இதுகளை இஞ்ச கொண்டுவந்து விட்டானோ" என்றார்.

அதற்குப் பிறகு மிகவும் கவனமாகிவிட்டார். ஒரு நாளைக்கு ஓர் உருண்டை. அதையும் தொடவில்லை என்றால் எடுத்துவிடுவார். ஆனாலும் தண்ணீர் கெட்டுக்கொண்டே போனது. மேலே எண்ணெய்ப் படலம்போல ஏதோ மிதந்தது. கிட்டப் போனால் பழைய சோற்றுத் தண்ணீர் மணம். ஒன்று, பிறகு இன்னொன்று என்று இறால்கள் செத்தன. ஓர் உருண்டையால் எப்படி இவ்வளவு நாற்றம்? அவருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டவர், மழை இருட்டிக்கொண்டு வரவே குடை எடுக்கத் திரும்பி வந்தார். கதவைத் திறந்தார். பாலசுந்தரம் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கிரீம் கிரேக்கர் பிஸ்கட். மறுகை விரல்கள் அதைத் தூளாக்கித் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தன. வாய் மென்றுகொண்டும் இருந்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

அவர் கையைக் கீழே இறக்கினார். ஒளிக்க இடமில்லை.

"எவ்வளவு நாளா?"

"வந்த நாளிலயிருந்து" என்றார். "காலமையும் பின்னேரமும். கொஞ்சம்தான். சில நேரம் பாண் துண்டு. ஒருக்கால் அவிச்ச கடலை."

அருந்ததி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜப்பான் டப்பாவும் தாய்லாந்து டப்பாவும், கரட்டும் கணவாய் ஓடும், இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனை போனதும் எல்லாம் ஒன்றாக மனதில் வந்தன. சாப்பிடாத இறால்கள்! அவை வயிறு முட்ட பிஸ்கட் தின்றுவிட்டு அல்லவா நின்றிருக்கின்றன!

"நான் விசரியாட்டம் ஓடித் திரிஞ்சதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ பேசுவாய்."

"ஏன் போட்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"பாவமா இருந்தது அருந்ததி. நீ குடுக்கிறது அதுகளுக்குப் பிடிக்கேல்லை."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பாலசுந்தரம் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். "எனக்கும்தானே பிடிக்கேல்லை" என்றார்.

மழை கொட்டத் தொடங்கியது. அருந்ததி எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். அவர் பிறகு சொன்னது: ஆயிரம் நோயாளிகளிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறேன், இந்த மனுசனிடம் ஒருநாளும் கேட்கவில்லை என்று அப்போது தோன்றியதாம். ஆனால் அந்த நேரம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கோபம்தான் மேலே நின்றது. "வாளியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். இருவரும் ஊறிய பிஸ்கட் சேற்றை மணலிலிருந்து உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றினார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல் இருந்தது. நீரிழிவு வந்த பிறகு அது அந்த வீட்டு மேசைக்கு வந்ததே இல்லை. பாலசுந்தரம் ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அந்தக் கிழமையே யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து செய்தி வந்தது. பாலசுந்தரத்தின் மூத்த தமக்கை காலமாகிவிட்டார். காலை ரயிலுக்கு நேரம் காணாது. உடுப்பை ஒரு பையில் திணித்து, காஸைப் பூட்டி, யன்னல்களைச் சாத்தி, ஓட்டோ பிடித்து ஓடினார்கள். வவுனியா தாண்டிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

"றாலுக்கு என்ன போட்டனீ?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"நீங்கள் போட்டிருப்பீங்கள் எண்டு நினைச்சன்."

"நீதானே என்னைத் தொடக்கூடாது எண்டனீ?"

அருந்ததி தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லா நாளும் இரண்டு பேர் போட்டார்கள். போட வேண்டிய நாளில் ஒருவரும் போடவில்லை. வீட்டுச் சாவி கைப்பைக்குள் இருந்தது. இனி என்ன செய்வது?

செத்த வீட்டுக்குத் தேனுஜனும் திருகோணமலையிலிருந்து வந்திருந்தான். எல்லோரும் போன பிறகு தாயிடம், "றாலுகள் என்ன மாதிரி அம்மா?" என்றான்.

"இருக்குதுகள்" என்றார் அருந்ததி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்து, எட்டாம் நாள் செலவுச் சடங்கு வரை நின்று, அதற்குமேல் பாலசுந்தரத்துக்குக் காய்ச்சலும் வந்து, அவர்கள் வெள்ளவத்தைக்குத் திரும்ப இரண்டு கிழமையாகிவிட்டது. படி ஏறும்போதே அருந்ததி சொல்லிவிட்டார்: "நீங்கள் முதல் போய்ப் பாருங்கோ. நான் வரேல்லை." படித்திண்டிலேயே பையை வைத்துவிட்டு நின்றார்.

உள்ளே யன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாலசுந்தரம் கூப்பிட்டார்: "இஞ்ச ஓடிவா!"

கண்ணாடியின் பின்பக்கம் முழுக்கப் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. தண்ணீர் தெளிந்து, நாற்றமே இல்லாமல் இருந்தது. அந்தப் பாசியில் இறால்கள் பரவி நின்று மேய்ந்துகொண்டிருந்தன. முன்னெப்போதும் பார்த்திராத கடும் சிவப்பு. ஒன்றின் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள் திரளாக ஒட்டியிருந்தன. மரக்கட்டையில் தூசிபோல ஏதோ அசைந்தது. அருந்ததி மூக்கு தொட்டியில் முட்டுமளவுக்குக் குனிந்தார். தூசியில்லை. குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் மீசையும் காலும் இருந்தன. அவையும் மேய்ந்துகொண்டிருந்தன.

அவருக்குச் சந்தோசம்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "இவ்வளவு நாளும் என்னைப் போட்டுக் கொன்றதுகள், நான் வீட்டில இல்லாத நேரம் பாத்துப் பிள்ளை பெத்திருக்குதுகள்!"

தேனுஜனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட்டையும் சொன்னார். ரயிலில் தெரிந்ததையும் சொன்னார். மறுபக்கம் அவன் சிரித்துச் சிரித்து இருமினான்.

"அம்மா, அதுகள் நாள் முழுக்க உந்தப் பாசியையும் அழுக்குப் படலத்தையும்தான் மேயும். நாங்கள் போடுறது மேலதிகம். வயிறு நிறைஞ்சிருந்தா வராதுகள். நான் முதல் நாளே சொன்னனான், கனக்கப் போடாதேங்கோ எண்டு."

"கனக்க எண்டா எவ்வளவு எண்டு சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை. 'உன்னை வளர்த்தனான்' எண்டு சொன்னீங்கள்."

"சரி வை" என்று சொல்லி அருந்ததி தொலைபேசியை வைத்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒழுங்கு வேறு. கிழமையில் இரண்டு தரம் மட்டும் சாப்பாடு. பல்கனிச் சாடியில் அருந்ததி தானே வளர்க்கும் பசளியில் ஓர் இலை, அல்லது நாலு உருண்டை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும் பொறுப்பு பாலசுந்தரத்துக்கு. கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடைக்கிறார்கள், பின்பக்கத்தை இறால்களுக்கு விட்டுவிடுகிறார்கள். சமையலிலும் சில மாற்றங்கள் நடந்தன. பாலசுந்தரம் தனக்குப் பிடிக்காதவற்றை ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து சொன்னார். அருந்ததி இடையிடையே எதிர்த்து வாதாடினார். முடிவில் வல்லாரைச் சம்பல் தப்பியது, உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி போனது. அவருடைய இரத்தச் சீனி அளவு ஏறாமல் அப்படியே நிற்கிறது. அது ஏன் என்று அருந்ததிக்கு இன்னும் விளங்கவில்லை, அதுவும் அவருக்கு எரிச்சல்.

இறால்கள் பெருகிக்கொண்டே போகின்றன. மேல்மாடி தனுஷியாவுக்குக் கொஞ்சம் ஒரு போத்தலில் கொடுத்தார். அவர் மறுநாளே, "மிஸ், இது ஒண்டும் சாப்பிடுதில்லையே" என்று கவலையோடு படியிறங்கி வந்தார். அருந்ததி கண்ணை மூடித் திறந்தார். நபீஸிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, கடையில் இடமில்லை என்றார், ஒரு புதுச் சாப்பாடு மட்டும் வந்திருக்கிறதாம்.

போன கிழமை தேனுஜன் அழைத்தான். திருகோணமலை வேலை இன்னும் ஒரு வருடம் நீண்டுவிட்டதாம்.

"ஒரு வருஷமோ?" என்று அருந்ததி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "வந்து உன்ர சந்ததியளைக் கொண்டுபோ! தொட்டியில நிக்க இடமில்லை!"

அவர் கத்தி முடிக்கும் வரை பாலசுந்தரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டி ஒண்டு வாங்குவமே?" என்றார்.

அருந்ததி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார்.